கேட் சீட்டு இல்லாத வேலை

நூற்றுக்கு நாற்பத்தொன்று. பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு மோசமாக வாங்கியதில்லை. அட்டை ஆலையிலிருந்து வந்த கடிதத்தைத் தம்பி இரண்டு தடவை படித்துவிட்டு, எண்ணெய்க் கையோடு என்னிடம் நீட்டினான்.

"அக்கா, இது நம்ம கடைதானா பாரு. வேற யாருக்கோ வந்தத மாத்திப் போட்டுட்டாங்களோ என்னவோ."

நம் கடைதான். பெயரில் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. ஆலைக்கு வேலை செய்து கொடுக்கும் சின்னச் சின்னக் கடைகள் முப்பதுக்கு மேல் உண்டு. வெல்டிங், மோட்டார் சுற்றுவது, கிரேன், எடைமேடை, எங்களுடையது பம்ப். அத்தனை பேரையும் வருஷத்துக்கு ஒருமுறை மதிப்பெண் போட்டுத் தரம் பிரிப்பார்கள். அறுபதுக்குக் கீழே போனால் ஒரு மாதம் தவணை. அந்த ஒரு மாதத்திலும் அறுபதைத் தொடாவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள்.

எங்கள் பட்டறை மேஜையில் பிரித்துப்போட்டிருக்கும் பத்துப் பம்புகளில் ஏழு அந்த ஆலையுடையவை. ஆலை போனால் கடை போயிற்று. தம்பியும் நானும் லேத்துக்காரரும் ஆளுக்கொரு திசையில் வேலை தேட வேண்டியதுதான். சந்தேகத்துக்கு இடமே இல்லாத விஷயம் என்பதால் இதை நாங்கள் மூவரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை.

என் கண் போய் நின்றது இரண்டாவது வரியில். 'புகாருக்கு வந்து சேர எடுத்துக்கொண்ட சராசரி நேரம்: பத்தொன்பது நாள்.' அதற்கு நாற்பதுக்கு மூன்று மதிப்பெண் போட்டிருந்தார்கள். அந்த மூன்று எதற்கு என்றும் விளங்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தால் காது மடல் சூடாகும். அன்றைக்கு இரண்டும் சூடாயின. ஏனென்றால் அந்த ஆலையின் எந்தப் புகாரையும் நான் பத்து நிமிஷத்துக்கு மேல் வைத்துக்கொண்டது கிடையாது.

எங்கள் முறை இது. பம்ப் ஹவுஸில் ஏதாவது தகராறு என்றால் அங்கிருக்கும் ஆபரேட்டர் ஆலைக் கணினியில் புகாரைப் பதிந்துவிட்டுக் கடைக்குப் போன் போடுவார். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியைப் பம்பின் மேல் ஊன்றி, கைப்பிடியில் போனை ஒட்டிப் பிடிப்பார். உள்ளே நடப்பது அப்படியே எனக்குக் கேட்கும். சரளைக்கல்லைக் கொட்டிக் கலக்குவதுபோல் கேட்டால் தண்ணீர் வரும் வழியில் வடிகட்டி அடைத்திருக்கிறது. டிக் டிக்கென்று ஒரே சீராகத் தட்டினால் இணைப்பு ரப்பர் தேய்ந்திருக்கிறது. மெல்லியதாக அழுதால் பேரிங் காய்ந்திருக்கிறது. இன்னதைக் கழற்று, இன்னதை இறுக்கு என்று சொல்வேன். அவர் செய்வார். பம்ப் ஓடும். முடிந்தது.

எட்டு வருஷமாக இப்படித்தான். தம்பி என்னை அக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, போனில் வருகிற எல்லோருக்கும் நான் அக்காவாகிவிட்டேன். பம்ப் ஹவுஸ்காரர் என்னைவிட ஐந்து வயதாவது பெரியவர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணே என்பேன். யார் பெரியவர் என்று இருவரும் இதுவரை விசாரித்துக்கொண்டதில்லை.

மறுநாள் காலையிலேயே கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆலை அலுவலகத்துக்குப் போனேன். மதிப்பெண் போடுகிறவர் ஒரு பெண். முப்பது வயது இருக்கலாம். மேஜையில் பேனா, பென்சில், அழிரப்பர் மூன்றும் அளவெடுத்ததுபோல் வரிசையாக இருந்தன. தம்பி இவருக்கு முன்பே 'மார்க்கு மேடம்' என்று பெயர் வைத்திருந்தான்.

"பத்தொன்பது நாள்னு எப்படிம்மா வந்துச்சு?" என்றேன்.

அவர் கணினியைத் திருப்பிக் காட்டினார். "புகார் பதிவான நேரம் இது. நீங்க கேட்ல சீட்டு வாங்கின நேரம் இது. நடுவுல இருக்கறதுதான் கணக்கு. உங்க சீட்டு மாசத்துக்கு ஒண்ணுதான் இருக்கு."

"மாசத்துக்கு ஒருதடவ தம்பி எண்ணெய் மாத்த வருவான். அந்தச் சீட்டு. மத்ததெல்லாம் நான் போன்லயே முடிச்சிடறேனே."

"போன்லன்னா?"

விளக்கிச் சொன்னேன். ஸ்குரூ டிரைவர் வரைக்கும் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன், மறைப்பானேன். அவர் முகம் மாறியது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இத வெளியில சொல்லாதீங்க. எங்க ஆளைக் கொண்டு வெளிக்கடை வேலையைச் செய்ய வைக்கிறது விதிமீறல். பதிவானா ஒரே அடியா முப்பது மதிப்பெண் கழியும்."

"பம்ப் ஓடுதே மேடம்."

"பம்ப் ஓடறதுக்கு இதுல கட்டம் இல்லீங்க," என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அந்தத் தாளில் கட்டம் இல்லை. நானும் தேடிப் பார்த்தேன்.

பட்டியலில் தொண்ணூற்று நான்கு வாங்கி முதலில் நிற்பது யார் என்று கேட்டேன். எங்களுக்கு எதிர்வரிசையில் இருக்கும் இன்னொரு பம்ப் கடை. அந்தக் கடைக்காரர் ரிப்பேர் பார்த்த பம்ப் நாலாம் நாள் திரும்பவும் படுத்துக்கொள்ளும். அவரும் திரும்பவும் போவார். போகப் போகச் சீட்டு, சீட்டுக்குச் சீட்டு மதிப்பெண். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே மனிதர் நிற்கிறார்.

கடைக்கு வந்ததும் தம்பியிடம் சொன்னேன். "ஒரு மாசம். தாள்ல என்ன கேக்கறாங்களோ அத மட்டும் செய்யப்போறேன். அதுக்கு மேல ஒரு துளி கிடையாது."

"போன்ல சொல்லிட்டு அப்புறமா போய்ச் சீட்டு வாங்கிட்டா?"

"போன்ல சொன்னாலே முப்பது கழியும். நான் போறேன். நீ பட்டறையப் பாத்துக்கோ."

"உனக்கு ஸ்கூட்டர் ஓட்டி நாளாச்சுக்கா."

"ஸ்கூட்டருக்கும் அதே கவலைதான். ரெண்டு பேரும் சமாளிச்சுக்கறோம்."

மறுநாளே போன் வந்தது. பம்ப் ஹவுஸ்காரர் வழக்கம்போல் வணக்கம் எதுவும் இல்லாமல், "அக்கா, மூணாம் நம்பர், கேளுங்க," என்று ஸ்குரூ டிரைவரை வைத்தார். சரளைக்கல். வடிகட்டி அடைப்பு. ஐந்து நிமிஷ வேலை. வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"அண்ணே, கைய வைக்காதீங்க. நேர்ல வரேன்."

"நேர்லயா? எதுக்கு?"

"வரேன்னு சொன்னேன்ல. வைங்க."

கேட்டில் பையைச் சோதித்தார்கள். பெயர், ஊர், வந்த காரணம் எழுதச் சொன்னார்கள். பிறகு ஓர் அறையில் உட்காரவைத்துப் பாதுகாப்புப் படம் போட்டார்கள். பன்னிரண்டு நிமிஷம். படத்தில் ஒருவர் ஏணியைச் சரியாக வைக்காமல் ஏறி விழுவார். அந்த மாதம் முழுக்க ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் அவர் விழுவதைப் பார்த்தேன். கடைசியில் அவர் மேல் எனக்கு ஒரு பாசமே வந்துவிட்டது. அப்புறம் தலைக்குச் சேராத ஒரு ஹெல்மெட், அப்புறம் கிடங்கைச் சுற்றிக்கொண்டு அரை மைல் நடை. வடிகட்டியைக் கழற்றி, சிக்கியிருந்த அட்டைக்கூழைச் சுரண்டி எறிந்து, திரும்ப மாட்டினேன். போன் வந்ததிலிருந்து பம்ப் ஓடத் தொடங்கியது வரை ஒரு மணி ஐம்பது நிமிஷம். அவ்வளவு நேரமும் அந்த வரிசையில் அட்டை ஓடவில்லை.

கணினியில் 'வந்து சேர்ந்த நேரம்: நாற்பது நிமிஷம். மிக நன்று' என்று ஏறியது.

முதல் வாரம் ஐந்து தடவை போனேன். இரண்டாவது வாரம் ஏழு. மதிப்பெண் அறுபத்தெட்டு ஆயிற்று, எழுபத்தொன்பது ஆயிற்று. தம்பி சுவரில் கரியால் எழுதிக்கொண்டே வந்தான். லேத்துக்காரர் அதைப் பார்த்து, "இப்படியே போனா நாமளும் அடிக்கடி கெட்டுப்போற மாதிரி ரிப்பேர் பாக்கலாம்," என்றார். சிரித்தோம். எனக்கு அந்தச் சிரிப்பு சரியாக இறங்கவில்லை.

பம்ப் ஹவுஸில் சுவரில் ஒரு பலகை உண்டு. எந்தப் பம்ப் எத்தனை மணி நேரம் நின்றது என்று எழுதி, அதற்குக் கீழே பொறுப்பாளர் பெயரும் போடுவார்கள். பெயர் எங்கள் பம்ப் ஹவுஸ்காரருடையது. மூன்றாவது வாரம் நான் போனபோது அவருடைய மேலதிகாரி பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "போன மாசம் வரைக்கும் நல்லாத்தானே பாத்துக்கிட்டீங்க? இப்ப என்ன வந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பம்ப் ஹவுஸ்காரர் தலையைக் குனிந்து நின்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் கடந்து போகும்போது நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

வேலை முடிந்து கையெழுத்துக்கு நோட்டை நீட்டினேன்.

"எங்க போடணும் மேடம்?" என்றார்.

எட்டு வருஷத்தில் முதல் தடவையாக மேடம். யாராவது கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. காரணத்தைச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. சொன்னால் அவரும் விதிமீறலுக்கு உடந்தை ஆவார். "இங்கதாண்ணே," என்று மட்டும் சொன்னேன். அன்றைக்குத் திரும்பும்போது ஸ்கூட்டரை இரண்டு இடத்தில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அழுகை இல்லை, ஆத்திரம்தான். ஆனாலும் தண்ணீர் வந்தது.

ஆனால் விடவில்லை. விட்டால் மூன்று பேர் பிழைப்பு போய்விடும்.

முப்பதாம் நாள் மதிப்பெண் எண்பத்தாறு. அன்றைக்குக் காலையில் மார்க்கு மேடமே கடைக்கு வந்தார். கடைசியாகப் பட்டறையை நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. தீயணைப்புச் சிலிண்டரின் தேதி பார்த்தார், ஆணி மாட்டிய பலகையில் ஸ்பானர்கள் எண் வரிசையில் இருக்கின்றனவா என்று பார்த்தார். தம்பி முந்தின நாளே எல்லாவற்றையும் தேய்த்துத் துடைத்து மாட்டியிருந்தான். லேத்துக்காரர் சவரம் செய்துகொண்டு வந்திருந்தார்.

"எல்லாம் நல்லா இருக்கு," என்றார் மேடம். பேனாவின் மூடியைத் திறந்தார்.

போன் அடித்தது.

என் கை நிறைய கிரீஸ். அதனால் எப்போதுமே முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டுவிடுவது பழக்கம். அன்றைக்கும் யோசிக்காமல் அப்படியே செய்தேன்.

"மேடம், கொதிநீர் பம்ப். என்னமோ மாதிரி இருக்கு. வரீங்களா?"

ஸ்குரூ டிரைவரை அவர் வழக்கம்போல் ஊன்றிவிட்டார் போலிருக்கிறது. கடை முழுக்க அந்தச் சத்தம் நிறைந்தது. தம்பி கையிலிருந்ததைக் கீழே வைத்தான். அழுகை இல்லை, தட்டல் இல்லை. கரகரவென்று அரைத்து, நடுநடுவே ஒரு துள்ளல். பேரிங்கின் உள்கூடு உடைந்து உருளைகள் தறிகெட்டுச் சுற்றுகின்றன. இன்னும் கொஞ்ச நேரத்தில் தண்டு ஆட்டம் கண்டுவிடும். தண்டு ஆடினால் தண்ணீர் கசியாமல் பிடித்திருக்கும் சீல் பிய்த்துக்கொள்ளும். சீலுக்குப் பின்னால் இருப்பது கொதிக்கும் தண்ணீர். அதற்கு ஒரு கை தூரத்தில் இந்த மனிதர் குனிந்து நின்று எனக்குச் சத்தம் காட்டிக்கொண்டிருக்கிறார்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மேடம் இருக்கிறார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய்.

"அண்ணே, ஸ்குரூ டிரைவரை எடுங்க. பம்ப விட்டுத் தள்ளி வாங்க. சுவிட்ச் பேனல்கிட்ட வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன்."

"நிறுத்துங்க. இப்பவே."

சத்தம் இறங்கி அடங்கியது.

"ரெண்டாவது பம்போட உள்வால்வு முழுசாத் திறந்திருக்கா பாருங்க. திறந்திருந்தா ஓட்டுங்க. ஓடுதா? வெளிவால்வ மெதுவாத் திறங்க. அவசரப்படாதீங்க. பிரஷர் முள்ளு ஏறுதா?"

"ஏறுது." மூச்சு மட்டும் கேட்டது. "ஏறிடுச்சுக்கா. முள்ளு நின்னுடுச்சு. சரியா நிக்குது."

"நின்ன பம்ப யாரும் தொடக் கூடாது. தம்பி வந்து பேரிங் மாத்துவான்."

"சரிக்கா. வழக்கம்போல ஷிப்ட் நோட்ல 'அக்கா சொன்னபடி'ன்னு எழுதிடறேன்."

"என்ன நோட்டு அண்ணே?" என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பேனாவின் மூடியைப் போட்டுத் திரும்பவும் திறந்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நான் எதையும் கேக்கல. எண்பத்தாறுன்னு போட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன்."

நல்ல மனசோடு சொன்னார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தம்பி என்னைப் பார்த்தான். 'சரின்னு சொல்லுக்கா' என்று அவன் முகம் கெஞ்சியது. நானும் சொல்லியிருப்பேன். ஆனால் சொன்னால், நாளையிலிருந்து வருஷம் முழுக்க அந்தப் படத்தில் மனிதர் ஏணியிலிருந்து விழுவதைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் பம்ப் ஹவுஸ்காரரிடம் தள்ளி நில் என்று சொல்ல வேண்டும். ஒரு மாதமாக அவரை அப்படித்தான் நிறுத்தி வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

"எழுதுங்க மேடம்," என்றேன்.

"முப்பது போயிடுங்க. அம்பத்தாறுதான் வரும்."

"போகட்டும். பாத்தது பாத்தபடி எழுதுங்க. பத்து இருபத்தொண்ணுக்குப் போன் எடுத்தேன். பத்து இருபத்தஞ்சுக்கு ரெண்டாவது பம்ப் ஓடுச்சு. நாலு நிமிஷம். என் வேலை அதுதான். அதுக்குக் கட்டம் இல்லைன்னா ஓரத்துல எழுதுங்க."

அவர் எழுதினார். எழுதிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்ப அவரு என்ன சொன்னாரு? அக்கா சொன்னபடியா?"

"ஆமா. எல்லாருக்கும் நான் அக்காதான்."

"ஐயோ," என்றார் மெதுவாக. பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பம்ப் ஏன் திடீர்னு இப்படி நிக்குதுன்னு பாக்கச் சொல்லி, போன வாரம் ஷிப்ட் நோட்ட எல்லாம் எங்கிட்டதான் குடுத்தாங்க. அதுக்கு முந்தின ஒரு வருஷத்துல மாசத்துக்கு ஒன்பது மணி நேரம்கூடப் பம்ப் நிக்கல. இந்த மாசம் நாப்பத்தஞ்சு மணி நேரம். அதுக்கு முந்தின மூணு மாச நோட்ல மட்டும் எங்க பாத்தாலும் 'அக்கா சொன்னபடி சரி செய்யப்பட்டது'ன்னு இருக்கு. அறுபத்து மூணு வரி. எண்ணினேன். இந்த மாசம் ஒண்ணுகூட இல்ல."

தம்பி வந்து மேஜையோரம் நின்றான்.

"யாரோ எங்க ஆலையில வேலை பாக்கறவங்க, ரிட்டயர் ஆயிட்டாங்க போலன்னு நினைச்சேன். ஆள் பட்டியல்ல தேடினேன். பாராட்டுக் கடிதம் குடுக்கணும்னுகூட எழுதி வச்சிருக்கேன். அக்காங்கற பேர்ல ஆளும் இல்ல, கம்பெனியும் இல்ல." சிரிக்க முயன்றார், வரவில்லை. "உங்களுக்கு நாப்பத்தொண்ணு போட்டது நான்தான்."

எட்டு வருஷத்தில் அந்த மனிதர் இப்படி ஒரு வரி எழுதி வைக்கிறார் என்று என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு வாரத்துக்கு மேலாக மேடம் என்று கூப்பிட்டவர், பம்ப் நின்ற காரணம் என்ற இடத்தில் என் மேல் ஒரு சொல் எழுதவில்லை. கிரீஸ் கையால் முகத்தைத் துடைத்துக் கன்னமெல்லாம் பூசிக்கொண்டதுதான் மிச்சம்.

"மதிப்பீட்டுக் குழுவுல என்ன முடிவு எடுப்பாங்கன்னு சொல்ல முடியாது," என்று எழுந்தார் மேடம். "கழிக்கறதக் கழிச்சுத்தான் ஆகணும். அது என் வேலை. ஆனா நோட்டையும் கூட வைப்பேன்."

"வைங்க," என்றேன். "முடிவு எப்படி வந்தாலும் நான் போனை எடுப்பேன்னும் சொல்லிடுங்க."

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. தம்பி பிரிக்க மாட்டேன் என்றான், லேத்துக்காரர் கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். நான்தான் பிரித்தேன். எண்பத்தாறு, கழிவு முப்பது, மொத்தம் ஐம்பத்தாறு. அழிரப்பர் பக்கத்தில் இருந்தும் அவர் ஒரு மதிப்பெண்ணைக்கூட மாற்றவில்லை.

அதற்குக் கீழே, 'பட்டியலில் தொடரலாம்' என்று இருந்தது. 'காரணம்' என்ற கட்டத்தில், வரிசை பிசகாத கையெழுத்தில் இரண்டே வாக்கியம். 'அக்கா என்பது இந்த நிறுவனமே. இணைப்பு: பம்ப் ஹவுஸ் ஷிப்ட் நோட்டின் அறுபத்து நான்கு வரிகள்.'

போன மாதத்தின் கடைசி வரியையும் சேர்த்து எண்ணியிருக்கிறார். நான் அதைத் தம்பிக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தபோதே போன் அடித்தது. கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் கடிதத்தின் ஓரத்திலேயே குறித்துக்கொண்டு எடுத்தேன்.

"அக்கா, மூணாம் நம்பர், கேளுங்க."

"வைங்கண்ணே," என்றேன். அவர் ஸ்குரூ டிரைவரை வைத்தார்.